தமிழ்ச் சொல்திருத்தியின் வரலாறும் மலேசியச் சொற்களின் இடமும்



கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆண்டுமலருக்காக மாணவர் கட்டுரைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதிலிருந்து இவ்வுரையைத் தொடங்க விரும்புகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தாள். தாத்தா இளமையில் பால்மரம் வெட்டினார். மரங்கள் அழிக்கப்பட்டபின் செம்பனைத் தோட்டத்திற்கு மாறினார். காலையில் பசியாறிவிட்டுக் கிராணியிடம் பெயர் கொடுப்பார். ‘தமிழ்ப் பல்லியில்’ மூன்றாண்டுகள் பயின்றார். இவ்வளவுதான் கட்டுரையின் சாரம். திரையில் செம்பனை, பசியாறி, கிராணி ஆகிய மூன்று சொற்களின் அடியிலும் சிவப்புக் கோடு விழுந்தது. ‘பல்லி’யின் அடியில் எதுவும் விழவில்லை. பிழையற்றவை மூன்றும் பிழையெனக் குறிக்கப்பட, பிழையான ஒன்று மட்டும் தேர்வில் தேறிவிட்டது.

அந்தச் சிவப்புக் கோட்டை யார் போடுகிறார்கள்? எதைக் கொண்டு போடுகிறார்கள்? ஈயெழுத்துக் காலத்தில் இக்கேள்வி எழுந்ததில்லை. மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் அச்சகத்தின் மூலையில் அமர்ந்திருப்பார். அவர் நம் ஊரார். செம்பனை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களின் சொல்மரபு இத்தகையோரின் கைவழியாகவே நிலைபெற்றது. அவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிறு நிரலும் ஒரு சொற்பட்டியலும் அமர்ந்திருக்கின்றன.

சொல்திருத்தியின் வரலாறு ஆங்கிலத்திலேயே தொடங்குகிறது. 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர், கையெழுத்தைக் கணினி படிப்பதற்கு உதவியாகப் பத்தாயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தினார். 1971இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் எழுதிய நிரல், பிழையைக் காட்டியதோடு நில்லாமல், ஓரெழுத்து மாறியிருந்தால் சரியான சொல் எதுவாக இருக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. நம் தலைப்புக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி 1975இல் பெல் ஆய்வகத்தில் நடந்தது. ஸ்டீவ் ஜான்சன் என்பவர் யூனிக்ஸ் அமைப்புக்கான சொல்திருத்தியின் முதல் வடிவத்தை ஒரே பிற்பகலில் எழுதி முடித்தார்.

ஒரு பிற்பகல் எவ்வாறு போதுமானதாயிற்று? அவர் புதிதாக எழுதியது மிகக் குறைவு. ஏற்கெனவே இருந்த சிறு கட்டளைகளைக் குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்தினார். முதற்கட்டளை உரையைச் சொல்சொல்லாகப் பிரித்து வரிக்கு ஒன்றாக நிறுத்தும். அடுத்தது அவற்றை அகரவரிசைப்படுத்தும். அதற்கடுத்தது ஒரே சொல் பலமுறை வந்திருந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கும். இறுதிக் கட்டளை, இப்பட்டியலை அகராதிப் பட்டியலோடு ஒப்பிட்டு, அகராதியில் இல்லாதவற்றை வெளியே தள்ளும். வெளியே விழுந்தவையே பிழைகள். இத்தகைய கட்டளைத் தொடரையே நாம் இங்குச் சிறுநிரல் என்கிறோம்.

அதன்பின் டக்ளஸ் மெக்கில்ராய் அதை மேம்படுத்தினார். அக்காலக் கணினியின் நினைவகம் 64 கிலோபைட்டு அளவினது. அதற்குள் அகராதியை அடக்க வேண்டிய நெருக்கடியில், சொற்களின் முன்னொட்டுகளையும் பின்னொட்டுகளையும் கழற்றி வேர்ச்சொற்களை மட்டும் சேமிக்கும் முறையை அவர் வகுத்தார். இந்த ஒட்டுக் கழற்றல் நம் மொழிக்குப் பின்னாளில் பெருந்துணையானது.

உரைத்தொகுப்பிகளின் கதையை விரைந்து சொல்லிவிடலாம். ஈமேக்ஸ், விம் முதலிய தொகுப்பிகள் எழுதுவதற்கான கருவிகள். எழுத்துப்பிழை அவற்றின் கவலையன்று. எனவே பயனர்கள் தாமே சிறுநிரல் எழுதி, தொகுப்பியில் உள்ள உரையை வெளியிலிருந்த சொல்திருத்திக்கு அனுப்பி, வந்த விடையைத் திரையில் நிறமிட்டுக் காட்டச் செய்தனர். விம் தொகுப்பியில் இவ்வசதி உள்ளுறுப்பாகவே சேர்ந்தது 2006இல் வெளியான ஏழாம் பதிப்பில்தான். அதுவரை சிறுநிரல்களே அப்பணியைச் செய்தன.

இனி, ‘ஒரு பிற்பகல் வேலை’ தமிழுக்கு ஏன் பல்லாண்டு வேலையாயிற்று என்பதைக் காண்போம்.

முதல் தடை எழுத்திலேயே இருந்தது. அகராதியும் உரையும் ஒரே குறியீட்டில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். 1980களிலும் 1990களிலும் தமிழுக்கு அத்தகைய பொதுக் குறியீடு இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியீடு வைத்திருந்தது. ஒன்றில் தட்டச்சிட்ட பக்கம் மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றும். இந்நிலையைச் சீர்செய்யும் முயற்சியில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிற்குச் சிறப்பான பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியில் மலேசியாவில் தொடங்கிய முயற்சியே முரசு அஞ்சல் மென்பொருளாக வளர்ந்தது. அவருடைய தந்தை, 1997இல் வெளிவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருந்தொகுப்பை உருவாக்கிய கவிஞர் முரசு நெடுமாறன் என்பதை இங்குள்ளோர் அறிவர். சொற்களைத் திரட்டிய தந்தைக்கும் அவற்றைக் கணினித் திரையில் ஏற்றிய மகனுக்கும் இடையே தொழில் அவ்வளவொன்றும் வேறுபடவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரங்களை வகுத்தது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்து, மலேசியா, அமெரிக்கா எனச் சிதறியிருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் திஸ்கி என்னும் குறியீட்டை உருவாக்கினர். 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2013இல் மீண்டும் இங்கே கூடியது. இடைப்பட்ட காலத்தில் யூனிகோடு பரவி, குறியீட்டுப் பூசல் பெரும்பாலும் ஓய்ந்தது.

பூசல் ஓய்ந்ததே தவிர, சிக்கல் ஓயவில்லை. மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையைச் சொல்கிறேன். பைத்தான் மொழியில், சொற்களைப் பிரித்தெடுக்கும் வழக்கமான கட்டளையிடம் ‘கிள்ளான்’ என்னும் சொல்லைக் கொடுங்கள். அது க, ள, ள, ன என நான்கு துண்டுகளைத் திருப்பித் தரும். அக்கட்டளை எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் உறுப்புகளாகக் கொள்ளும். யூனிகோடு வகைப்பாட்டில் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்துகளல்ல. எழுத்தோடு சேரும் குறிகள். எனவே அவை வந்த இடத்திலெல்லாம் சொல் அறுபடும். ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட சிறுநிரலை அப்படியே தமிழுக்கு எடுத்துவந்தோர் பலர் தடுக்கி விழுந்த முதற்படி இது. அகராதியைத் திறப்பதற்கு முன்பே சொல் சிதைந்துவிட்டது! முத்தையா அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ நிரலகம், உயிர்மெய்யை ஓர் எழுத்தாகவே எண்ணும் வழியை முதலில் அமைத்துக்கொண்டு, அதன்மேல் ‘சொல்திருத்தி’ என்னும் பகுதியைக் கட்டியதன் காரணமும் இதுவே.

இதற்கு நேர்மாறான வியப்பு ஒன்றும் உண்டு. ஔவையாரின் பெயரில் முதலெழுத்து ‘ஔ’ என்னும் ஒரே உயிரெழுத்து. பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என எழுதுகின்றனர். தாளில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முப்பதாண்டு அனுபவமுள்ள ஆசிரியரின் கண்ணும் ஏமாறும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என எழுதுவதும் இத்தகையதே. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத பிழையைக் கணினி காணும் இடம் இது. இணையத்தில் ஔவையாரைத் தேடி அவருடைய பாடல்களில் பாதி கிடைக்கவில்லை என வருந்தும் மாணவர்கள், மற்றோர் எழுத்துமுறையிலும் தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் தடை, நம் மொழியின் பெருமையாக நாம் வகுப்பறையில் கற்பிக்கும் ஒட்டுநிலை இயல்பு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1939இல் வந்த இணைப்புத் தொகுதியோடு சேர்த்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதை முழுவதும் கணினியில் ஏற்றிவிட்டால் சொல்திருத்தி கிடைத்துவிடுமா? கிடைக்காது. அகராதியில் ‘மரம்’ இருக்கும், ‘மரத்தை’ இராது. வேற்றுமை வடிவங்களை ஏழு எனக் கொள்வோம். ஒருமை பன்மை சேர 14. ஒவ்வொன்றும் தனித்தோ, உம், ஏ, ஓ, ஆ ஆகியவற்றுள் ஒன்றை ஏற்றோ வரலாம், ஆக 70. ‘மரத்தை’ என்பது ‘மரத்தைக்’, ‘மரத்தைச்’, ‘மரத்தைத்’, ‘மரத்தைப்’ என வல்லினம் மிக்கு வருவதையும் கூட்டினால் எண்ணிக்கை இன்னும் ஏறும். இது ஒரு பெயர்ச்சொல்லின் கணக்கு. வினைச்சொற்களின் கணக்கைத் தொடங்கினால் இந்த அரங்கை மூடும் நேரம் வந்துவிடும்.

இதற்கு வழி காட்டியது ஹங்கேரி மொழி. அதுவும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. லாஸ்லோ நேமெத் என்பவர் தம் தாய்மொழிக்கென உருவாக்கிய ஹன்ஸ்பெல், ஓப்பன் ஆபீஸ், பயர்பாக்ஸ் முதலியவற்றில் இடம்பெற்று, பல மொழிகளுக்கும் பொதுக் கருவியாயிற்று. அதில் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று வேர்ச்சொற் பட்டியல். மற்றொன்று ஒட்டு விதிகள். ‘இறுதியில் உள்ள ம் என்பதை நீக்கித் த்தை சேர்’ என்பது ஒரு விதி. எந்த வேர்ச்சொல் எவ்விதியை ஏற்கும் என்பதை அதன் அருகே ஒரு குறியால் காட்டிவிடலாம். மெக்கில்ராயின் ஒட்டுக் கழற்றலே இங்கு விரிவடைந்திருக்கிறது. இவ்வழியில் ‘தமிழா!’ என்னும் தன்னார்வலர் குழு பயர்பாக்ஸ் உலாவிக்கான தமிழ்ச் சொல்திருத்தியை வெளியிட்டது.

விதி எழுதுவோர் இலக்கணம் அறிந்தவராக இருத்தல் வேண்டும். மேற்சொன்ன விதியைக் கவனமின்றி மகரவீற்றுச் சொற்களுக்கெல்லாம் பொருத்தினால் மரம் ‘மரத்தை’ ஆகும். ‘எல்லாம்’ என்பது ‘எல்லாத்தை’ ஆகிவிடும். ‘எல்லாவற்றையும்’ என்று எழுத வேண்டிய இடத்தில் மாணவர் பேச்சுவழக்கில் எழுதும் அதே பிழைக்குக் கணினி நற்சான்று வழங்கிவிடும். தொல்காப்பியர் சாரியை பற்றிக் கூறியவற்றை ‘இதனால் என்ன பயன், ஐயா?’ என்று கேட்கும் மாணவனுக்கு இவ்வெடுத்துக்காட்டைத் தாராளமாகக் காட்டலாம்.

மூன்றாவது தடை நான் மிகவும் சிந்தித்தது. ஜான்சனின் சிறுநிரலில் இரண்டாம் படி அகரவரிசைப்படுத்தல் என்றேன். அப்படியில் ஒவ்வொரு சொல்லும் தன் அண்டைச்சொல்லை இழக்கிறது. ஆங்கிலத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. தமிழிலோ ‘மரத்தைப்’ என்பது சரியா, பிழையா என்பதை அடுத்து வரும் சொல்லே முடிவு செய்கிறது. ‘மரத்தைப் பார்’ சரி. ‘மரத்தைப் கண்டான்’ பிழை. அண்டைச்சொல்லை வீசியெறிந்துவிட்டு வல்லினம் மிகும் இடத்தை ஆராய முடியாது. ஆகவே சந்திப்பிழையைத் திருத்துவது, சொற்பிழையைத் திருத்துவதிலிருந்து வேறான பணியாகப் பிரிந்தது. நீச்சல்காரன் என்னும் புனைபெயரால் அறியப்படும் நிரலாளர், சந்திப்பிழைக்கு ‘நாவி’யையும் சொற்பிழைக்கு ‘வாணி’யையும் தனித்தனிக் கருவிகளாக உருவாக்கியதன் பொருத்தம் இதனால் விளங்கும். பேராசிரியர் ந. தெய்வசுந்தரத்தின் ‘மென்தமிழ்’ சொல்லாளர் இவ்விரு பணிகளையும் எழுதும் இடத்திலேயே இணைத்தது. 2005இல் வெளிவந்த செல்லினமும் அதனைப் பின்தொடர்ந்த கைப்பேசி விசைமுகங்களும் பின்னாளில் வேறொரு வழியைக் காட்டின. சொல்லைத் தட்டி முடிக்கும் முன்பே பரிந்துரை தோன்றுவதால், பிழை பிறப்பதற்கு முன்பே திருத்தம் வந்துவிடுகிறது. மாணவரின் எழுத்தறிவுக்கு இது நன்மையா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் உண்டு.

தொடக்கத்தில் கண்ட ‘பல்லி’க்குத் திரும்புவோம். பள்ளியும் பல்லியும், வலியும் வழியும் வளியும், பனியும் பணியும், அரமும் அறமும் எல்லாம் அகராதியில் உள்ள சொற்கள். பட்டியலோடு ஒப்பிடும் எந்தச் சிறுநிரலும் இவற்றைத் தடுக்காது. நம் மாணவர்களின் பிழைகளில் பெரும்பகுதி லகர, ளகர, ழகர மயக்கமே என்பதை விடைத்தாள் திருத்துவோர் அறிவர். எனவே சிவப்புக் கோடு இல்லாத பக்கம் பிழையற்ற பக்கம் என்று மாணவர் கருதிவிடலாகாது. இதனை மட்டும் நான் ஒவ்வோராண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது வழக்கம்.

எஞ்சியிருப்பவை செம்பனை, பசியாறுதல், கிராணி. இவற்றில் இலக்கணச் சிக்கல் ஏதுமில்லை. குறியீட்டுச் சிக்கலும் இல்லை. பட்டியலைத் தொகுத்தவர் இந்நாட்டில் வாழ்ந்தவரல்லர், அவ்வளவே. அவரைக் குறைகூற இடமில்லை. தாம் படித்த நூல்களிலிருந்து அவர் சொற்களைத் திரட்டினார். நம் நூல்கள் அவர் மேசைக்குச் சென்றதில்லை.

இதைவிட நுட்பமான இழப்பும் ஒன்றுண்டு. ‘கம்பம்’ என்று நாம் எழுதினால் கோடு விழாது. கணினி அதைத் தூண் என்றோ தேனி மாவட்டத்து ஊர் என்றோ எண்ணிக்கொள்ளும். நாம் குறித்ததோ மலாய்க்காரர் வாழும் சிற்றூரை. ‘வெள்ளி’ நமக்குப் பணம். ‘லயம்’ தோட்டத்து வீட்டு வரிசை. கணினிக்குத் தெரியாத சொற்கள் ஒருபுறமிருக்க, தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும் சொற்கள் மறுபுறம்.

இந்நாட்டிலேயே மலாய்மொழிக்கு நேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1956இல் டேவான் பஹாசா டான் புஸ்தாகா அமைந்தது. 1970இல் காமூஸ் டேவான் அகராதி வந்தது. 1972 ஆகஸ்டு 16இல் இந்தோனேசியாவோடு இணைந்து புதிய எழுத்துக்கூட்டல் முறை அறிவிக்கப்பட்டது; ஊர்ப்பெயர்ப் பலகைகள் முதல் பாடநூல்கள் வரை அதன்படி மாறின. மலாய்ச் சொல்திருத்தி எழுதுபவருக்கு, ‘எது சரி?’ என்று கேட்க ஓர் அலுவலகம் உண்டு. மலேசியத் தமிழ்ச் சொல்லுக்கு அத்தகைய முகவரி இல்லை. கோலாலம்பூரில் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த பெருமை நமக்கு உண்டு. நம் சொற்பட்டியல் மட்டும் எழுதப்படாமலே இருந்தது. இலங்கைத் தமிழர் இதில் நமக்கு முன்னே சென்றுவிட்டனர். கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கை வழக்குகளைத் தனியே குறித்துச் சேர்த்துக்கொண்டது.

உரைத்தொகுப்பிகள் பலவற்றிலும் ‘இச்சொல்லை என் பட்டியலில் சேர்’ என்னும் வசதி உண்டு. அதைக் கொண்டு ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் கணினியில் செம்பனையைச் சேர்த்து வருகிறார். ஒரே பள்ளியில் மூன்று கணினிகளில் மூன்று பட்டியல்கள். கணினி பழுதானால் பட்டியலும் போயிற்று. இதைக் கண்ட பிறகே, பிரிக்பீல்ட்ஸில் மாலை வேளைகளில் கூடும் சில மாணவர்களோடு நான் ஒரு சிறு முயற்சியில் இறங்கினேன். ஜான்சனின் 1975ஆம் ஆண்டுக் குழாய்த்தொடரையே, தமிழெழுத்தை அறுக்காதபடி திருத்தி எடுத்துக்கொண்டோம். கையில் கிடைத்த பள்ளி ஆண்டுமலர்களையெல்லாம் அதில் செலுத்தினோம். அகராதிக்கு வெளியே விழுந்த சொற்களை ஒவ்வொன்றாகப் படித்து மூன்றாகப் பிரித்தோம்: பிழைகள், பெயர்கள், நம் சொற்கள்.

நிரல் வேலை இரண்டே மாலைகளில் முடிந்தது. பிரிக்கும் வேலை மாதக்கணக்கில் நீண்டது. ‘பசியாறினார்’ என்பதில் ஐயமில்லை. காலையுணவு உண்டார் என்னும் பொருளோடு உடனே ஏற்றுக்கொண்டோம். ‘கிராணி’ மலாய்ச் சொல்லோடு உறவுடையது என்பதற்காக ஒருவர் மறுத்தார். தோட்ட வாழ்வைப் பற்றிய கதைகளில் அச்சொல் இல்லாத கதை எத்தனை என்று மற்றொருவர் கேட்டதும் அவர் இசைந்தார். ‘மண்டோர்’ அதே வழியில் உள்ளே வந்தது. பட்டமாகிய ‘டத்தோ’வா, ‘தத்தோ’வா என்பதில் மூன்று மாலைகள் கழிந்தன. மொழிமுதலில் டகரம் வாராது என்னும் விதி ஒருபுறம். நாளிதழ்கள் நெடுங்காலமாக எழுதிவரும் வழக்கு மறுபுறம். முடிவில் ‘டத்தோ’வை ஏற்று, ‘தத்தோ’வைப் பரிந்துரைப் பட்டியலில் வைத்தோம். ஊர்ப்பெயர்களில் ‘கிள்ளான்’ ஒருமனதாக நின்றது, ‘கிளாங்’ என்று எழுதும் இளையோர் இருவர் மட்டும் தம் கருத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொன்னார்கள், பதிந்திருக்கிறோம். ‘ஷா ஆலம்’ என்பதா, ‘ஷா ஆலாம்’ என்பதா என்பது அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. தங்கள் பள்ளி மலர்களின் கணினிப்படிகளைத் தர விரும்பும் ஆசிரியர்கள், இவ்வுரை முடிந்ததும் என்னிடம் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.